தினமும் ஓட்ட ஒரு பழைய ஃபோர் பை ஃபோர்: டர்பனில் வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் யாராவது பழைய வண்டி பார்க்கப் போனால் என்னையும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. பதினோரு வருடமாகப் பழைய ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் வண்டிகளையே வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டிக்கொண்டிருப்பவன். முதல் வண்டியில் நிறையப் பணம் போனது. இரண்டாவது இன்றும் வாசலில் நல்லபடியாக நிற்கிறது. ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளும் இங்கேயே நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பங்களும் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலைக்குப் போய்வர இப்படி ஒரு வண்டி தேவையா?

போன வருடம் எத்தனை நாள் தார் ரோட்டை விட்டு இறங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரலுக்குள் அடங்கினால் தேவையில்லை. அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பது மலிவு.

பெட்ரோல், டீசல் என்று எண்ணெய்க் கணக்கையும் போட்டுவிடுங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்கா பக்கம் போய்வர நாளுக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 22 வேலை நாளுக்கு 1,320 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 106 லிட்டர், 14 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 185 லிட்டர். மாதம் ஏறக்குறைய 80 லிட்டர் வித்தியாசம். அதை இந்த மாத விலையால் பெருக்கி, அந்தத் தொகையை வண்டி விலையோடு சேர்த்துப் பாருங்கள். விலை குறைவு என்று வாங்கிய பெரிய பெட்ரோல் வண்டி ஒரே வருடத்தில் அந்தச் சலுகையைத் தின்றுவிடும்.

ஆனால் படகு இழுப்பவர்கள், வீடு மண் ரோட்டில் உள்ளவர்கள், மாதம் ஒருமுறையாவது டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போகிறவர்கள், இவர்களுக்கு இது நியாயமான ஆசை. நானும் அந்தக் கூட்டம்தான். மழைக்காலத்தில் குழி விழுந்த ரோட்டில் உயரமான வண்டியில் உட்கார்ந்து போகிற நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பார்க்க ஃபோர் பை ஃபோர் மாதிரியே இருக்கிறது. அது போதாதா?

பலர் ஏமாறுவது இங்கேதான். தென்னாப்பிரிக்காவில் ஓடும் டொயோட்டா ஃபார்ச்சூனர்களில் நிறைய வண்டிகள் பின் சக்கரத்தால் மட்டும் இயங்குபவை. உடம்பு உயரம், தோற்றம் எல்லாம் அதேதான். விற்கிறவர் பொய் சொல்லக்கூட வேண்டாம், நாமே கற்பனை செய்துகொண்டு போய்விடுவோம். உள்ளே ஏறியதும் இரண்டாவதாக ஒரு கியர் கம்பியோ, சுழற்றும் குமிழோ இருக்கிறதா, அதில் மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுவதற்கான லோ ரேஞ்ச் என்ற நிலை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முன் சக்கரங்களுக்கு நடுவே எட்டிப் பாருங்கள். அங்கே டிஃப் உருண்டையும் (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் கூடு), அதிலிருந்து இரண்டு பக்கமும் போகிற கம்பிகளும் இருக்க வேண்டும்.

குழிக்கும் வெள்ளத் தண்ணீருக்கும் பயந்துதான் உயரமான வண்டி தேடுகிறீர்கள் என்றால் பின் சக்கர வண்டியே போதும். விலையும் குறைவு, எண்ணெயும் குறைவு. வாங்கும்போது எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எந்த வண்டி?

டர்பனில் இருந்துகொண்டு ஃபார்ச்சூனரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இங்கே பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில்தான் அது தயாராகிறது. உதிரிபாகம் கிடைக்கும், கை பழகிய மெக்கானிக் ஒவ்வொரு பேட்டையிலும் இருப்பார். முதல் தலைமுறையின் 3.0 டி-ஃபோர்-டி டீசல் எஞ்சின் உழைப்பாளி. ஆனால் அதற்கு டைமிங் பெல்ட் உண்டு, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடியில் உள்ள செப்பு வளையங்கள் கசிந்தால் கரி எஞ்சின் எண்ணெயில் கலந்து, அடித்தொட்டியில் உள்ள வடிகட்டியை அடைத்துவிடும். அப்புறம் எண்ணெய் அழுத்தம் குறைந்து எஞ்சினே போகும். "வளையம் மாற்றியிருக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வண்டியைப் பார்த்துக்கொண்டவர் உடனே பதில் சொல்வார். டொயோட்டா பிராடோவிலும் அதே எஞ்சின்தான், அதே கேள்விதான். 2016-க்குப் பிறகு வந்த 2.4, 2.8 எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின்.

மிட்சுபிஷி பஜேரோ 3.2 டீசலை நான் மனதார விரும்புகிறேன். தார் ரோட்டிலும் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டலாம், மழை நாளில் அது பெரிய வசதி. பின் சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் முதுகு வலிக்காது. 2021-ல் தயாரிப்பு நின்றுவிட்டதால் விலை இறங்கிக் கிடக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது முன்பக்கத்தில் செயின் கரகரக்கிறதா என்று காதைக் கொடுங்கள்.

சுசுகி ஜிம்னி சிறியது, லேசானது, 75 கிலோவாட் எஞ்சின். தனியாளோ இருவரோ நகரத்துக்குள் ஓட்ட நன்றாக இருக்கும். பார்க்கிங் கவலையே இல்லை. ஆனால் நான்கு பேரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது பொறுமை வேண்டும். 120-ல் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவரோடு சத்தமாகத்தான் பேச முடியும்.

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 4 வண்டிகளின் சொகுசு வேறு எதிலும் இல்லை. காற்று சஸ்பென்ஷனும் 2.7 டீசல் எஞ்சினும் பழுதாகும்போது வரும் பில்லும் வேறு எதிலும் இல்லை. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

டீசலா, பெட்ரோலா?

நெடுந்தூரம், பாரம், இழுவை என்றால் டீசல். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் நல்லது. குட்டிப் பயணங்களில் டீசல் எஞ்சின் சூடாகவே நேரம் இருக்காது, புகை வடிகட்டி உள்ள புதிய வண்டிகளில் அது அடைத்துக்கொள்ளும். எண்ணெய் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். பெட்ரோலுக்கு அரசு விலை, ஒரே வட்டாரத்தில் எங்கும் ஒன்றுதான், டீசலுக்கு நிலையத்துக்கு நிலையம் வித்தியாசம் உண்டு, விசாரித்துப் போடுங்கள். நவீன டீசல் எஞ்சினுக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அல்லது அதற்கும் குறைந்த கந்தகம் உள்ளதையே போட வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் வாங்கலாம்?

என் வண்டியை 2,10,000-ல் வாங்கினேன். ஒழுங்காகப் பார்த்த 2,00,000 கி.மீ. வண்டி, யாரும் பார்க்காத 90,000 கி.மீ. வண்டியை விட மேல். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் மட்டும் இருந்தால் போதாது, ரசீதுகளும் வேண்டும். ஸ்டியரிங் வழவழப்பு, பிரேக் மிதியின் ரப்பர் தேய்மானம், ஓட்டுநர் இருக்கையின் ஓரம், மூன்றும் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடியில் படுத்துப் பார் என்கிறீர்கள். எதைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் வண்டி வெள்ளை நிறம், கண்ணாடி போல மின்னியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பார்த்தேன். மூன்றாம் நாள் பணம் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து ஷாக் அப்சார்பர் மாற்றக் கொடுத்தபோது மெக்கானிக் என்னைக் குழிக்குள் இறங்கச் சொன்னார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, பின் சக்கரத்துக்கு மேலே வளைந்து போகிற சேசிஸ் சட்டத்தைக் குத்தச் சொன்னார். கரிய பூச்சு புத்தம் புதிதாக இருந்தது. குத்தினேன். பிஸ்கட்டைக் குத்தியது போல உள்ளே போனது. இழுத்தபோது செம்பழுப்புத் துகள் என் முகத்திலும் சட்டையிலும் கொட்டியது. அந்த வண்டி பல வருடம் மீன்பிடிப் படகைக் கடலில் இறக்கி ஏற்றிய வண்டி என்று பிறகுதான் தெரிந்தது. வெல்டிங் செய்து, சோதனை நிலையத்தில் தேறவைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

நம் கடற்கரைக்கு இது தனிக் கவலை. கடற்கரையில் வண்டி ஓட்டுவது 2002-லிருந்தே இந்த நாட்டில் தடை. ஆனால் அனுமதி பெற்ற துறைகளில் படகு இறக்கலாம், நம் ஆட்களுக்கு மீன்பிடிப்பில் உள்ள பிரியம் சொல்ல வேண்டியதில்லை. படகு இறக்கும்போது வண்டியின் பின்பாதி உப்புத்தண்ணீரில் நிற்கும். ஆகவே இழுவைக் கொக்கி உள்ள வண்டி என்றால் "என்ன இழுத்தீர்கள்" என்பதுதான் என் முதல் கேள்வி. கேரவனா, படகா? கொக்கியின் போல்ட்டுகள் துரு பூத்துக் கிடந்தால் பதில் அவர் வாயிலிருந்து வரவேண்டியதில்லை.

போகும்போது ஒரு பழைய பாய், டார்ச், சின்னக் காந்தம், ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோங்கள். பின் சட்டத்தின் வளைவு, ஸ்பிரிங் உட்காரும் இடம், பிரேக் குழாய்கள், எண்ணெய்த் தொட்டியின் பட்டைகள், இவற்றைத் தொட்டுப் பாருங்கள். பூச்சு புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பத்து வருட வண்டிக்கு அடியில் அழுக்கு இருப்பதுதான் இயல்பு. மேலே காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை இருக்கலாம்.

அப்புறம் காட்டில் அடிபட்ட அடையாளங்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகடு நெளிந்திருந்தால் குற்றமில்லை, அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் டிஃப் உருண்டையில் பள்ளம், சட்டத்தில் கீறல், முன் அச்சின் ரப்பர் உறைகள் கிழிந்து மசகு தெறித்திருப்பது, முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓரத்தில் ஈரம், இதெல்லாம் பேரம் பேச வேண்டிய விஷயங்கள். டிஃப் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆற்றில் இறங்கியதும் எண்ணெயை மாற்றவில்லை என்று பொருள்.

விற்கிறவர் படுத்துப் பார்க்க விடவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

2022 வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தால்?

2022 ஏப்ரல் மழையை நம்மில் யாரும் மறக்கவில்லை. 400-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பிராஸ்பெக்டன் தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. அன்று மூழ்கிய வண்டிகளில் சில துடைத்து விற்கப்பட்டிருக்கலாம். முன் இருக்கை பெல்ட்டை முழுதாக, கடைசி வரை இழுங்கள். உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம். இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், உதிரி டயர்க் குழி, கம்பளத்துக்கு அடியிலிருந்து வரும் வாடை, விளக்குக் கூட்டுக்குள் பனி, இவற்றையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது?

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். போய்ச் சேரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் தெருவைச் சுற்றுவதில் பயனில்லை. பைன்டவுனிலிருந்து எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் மேடு ஏறுங்கள். அந்த ஏற்றத்தில் சூடு முள் நகர்கிறதா, கியர் தடுமாறுகிறதா, கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிகிறதா என்று கவனியுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கும்.

நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்காமல் வராதீர்கள். பல வண்டிகளில் வருடக்கணக்கில் யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள், இறுகிப் போயிருக்கும். மண் தரையிலோ புல்லிலோ நிறுத்தி ஃபோர் ஹை (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர நிலை), பிறகு நியூட்ரலில் லோ ரேஞ்ச் போடுங்கள். விளக்கு நிலையாக எரிய வேண்டும், சிமிட்டக் கூடாது. காய்ந்த தார் ரோட்டில் இதைச் செய்யாதீர்கள். பஜேரோ, பிராடோ, முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் போல முன் பின் அச்சுகளுக்கு இடையே நடு டிஃப் உள்ள வண்டிகள், அதைப் பூட்டாதவரை ஃபோர் ஹையில் தாங்கும். ஜிம்னி, புதிய ஃபார்ச்சூனர் போன்றவற்றில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்வதால், திரும்பும்போது கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

டீலரிடமா, தனியாரிடமா?

டீலரிடம் விலை கூடுதல். ஆனால் 2008-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால் பழுது நீக்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். சாதாரணத் தேய்மானத்துக்கும், முன்பே உங்களிடம் சொல்லப்பட்ட குறைக்கும் இது பொருந்தாது. தகராறு வந்தால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

தனியார் விற்பனையில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்ற ஆப்பிரிக்கான்ஸ் வார்த்தை இருக்கும். இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று பொருள். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வார்த்தை காவல் ஆகாதுதான், ஆனால் அவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பது உங்கள் தலையில். என் வெள்ளை வண்டியில் என்னால் நிரூபிக்க முடியவில்லை. அதனால் வாங்குகிற முன்பே ஒரு சுயேச்சையான சோதனை நிலையத்தில் முழு ஆய்வுக்குப் பணம் கட்டுங்கள். ரோட்வொர்தி சான்றிதழ் மட்டும் போதாது. அது விளக்கு, பிரேக், டயர் போன்ற பாதுகாப்பு அம்சங்களைத்தான் பார்க்கும், எஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது.

காகிதம் என்னென்ன?

பதிவுச் சான்றிதழில் சட்டப்படி உரிமையாளராக வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. வங்கியிடமிருந்து தீர்வுக் கடிதம் வாங்காமல் ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள். வண்டியின் குறியீட்டையும் பாருங்கள். கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் விபத்துக்குப் பின் மறுபடி கட்டிய வண்டி. விலை கவர்ச்சியாக இருக்கும், ஆனால் காப்பீடும் கடனும் கிடைப்பது கடினம், பிறகு விற்பதும் கடினம். முன்கண்ணாடியில் ஒட்டிய லைசென்ஸ் வில்லையில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

விற்கிறவர் என்சிஓ (உரிமையாளர் மாற்ற அறிவிப்பு) படிவம் கொடுப்பார். நீங்கள் ஆர்எல்வி (பதிவு, உரிம விண்ணப்பம்) படிவத்தோடு 21 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். ரோட்வொர்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். ஊரிலிருந்து வேலை விசாவில் வந்த தம்பிகளுக்கு ஒன்று: தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர்கள் முதலில் போக்குவரத்துப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு நாளாகும். வண்டி தேடத் தொடங்கும் அன்றே விண்ணப்பியுங்கள்.

காப்பீடு கட்டாயமா?

சட்டப்படி இல்லை. உடல் காயத்துக்கு மட்டும் எண்ணெய் விலையில் பிடிக்கிற வரியிலிருந்து சாலை விபத்து நிதி பார்த்துக்கொள்கிறது. அதனாலேயே எதிரே வருகிறவரிடம் காப்பீடு இருக்கும் என்று நம்ப முடியாது. முழுக் காப்பீடு எடுங்கள். ஃபார்ச்சூனரும் லேண்ட் குரூசரும் திருடர்கள் தேடும் வண்டிகள். டிராக்கர் பொருத்தினால்தான் பல நிறுவனங்கள் ஏற்கும். விலை பேசும் முன்பே பிரீமியத்தை விசாரித்துவிடுங்கள்.

பெரிய பல் டயர் போடலாமா?

தினமும் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். சேற்று டயர் இரைச்சல் போடும், ஈரத் தாரில் பிரேக் தூரம் கூடும், எண்ணெயும் குடிக்கும். தார், மண் இரண்டுக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் டயர் போதும். பழைய டயரில் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பல் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் மழையில் பிடிக்காது.

வீட்டில் பெரியவர்கள் ஏற முடியுமா?

இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. என் மாமியார் சேலையோடு பின் இருக்கையில் ஏற எங்கள் வண்டிக்குப் பக்கவாட்டுப் படி போட்ட பிறகுதான் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குச் சங்கடமில்லாமல் போய்வர முடிந்தது. வண்டி பார்க்கப் போகும்போது அவர்களையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உங்கள் அலுவலகப் பார்க்கிங்கின் கூரை உயரத்தையும் அளந்து வையுங்கள், மேலே கேரியர் இருந்தால் அதையும் சேர்த்து.

வாங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃப் எண்ணெய்கள், பிரேக் திரவம், குளிர்நீர், எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுங்கள். பழையவர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். பெல்ட் ரசீது இல்லையா, பெல்ட்டும் மாற்றுங்கள். இதற்கு வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கு தனியாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை, கடலோரம் போய்வந்த மறுநாளும், அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

சானி பாஸ் போகலாமா?

டிராக்கன்ஸ்பர்க் மலையேறி லெசோத்தோ நாட்டுக்குப் போகும் கணவாய் அது. கட்டாயம் போங்கள், இதற்குத்தானே வாங்கினோம். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்ட நான்கு சக்கர இயக்கம் கட்டாயம், உயரமான பின் சக்கர வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உச்சியில் 2,876 மீட்டர், அங்கே லெசோத்தோ தொடங்குகிறது. கடவுச்சீட்டு வேண்டும், வண்டி கடனில் இருந்தால் வங்கியின் கடிதம் வேண்டும், இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசாவைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வளைவுகளில் பனிக்கட்டி உறைந்திருக்கும். முதல் தடவை அந்த மாதங்களில் வேண்டாம்.

ஏறுவதை விட இறங்குவது கவனம். லோ ரேஞ்சில் முதல் கியரில் விடுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். கீழே வந்து சமதளத்தில் நிறுத்தியதும் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். நான்கும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஆறும்வரை உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, மெதுவாக ஓட்டி வந்து, திங்கட்கிழமை காலையிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.